சூடானில் தெருவுக்குத் தெரு எரியும் அடுப்புகளுக்கு முதலில் பணம் போகட்டும்

சூடானின் மேற்கே தார்ஃபூர் பகுதியில் இருக்கும் எல் ஃபாஷர் நகரத்து மக்கள் 2025இல் கடலைப் புண்ணாக்கைத் தின்று உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மாட்டுக்கு ஊறவைத்துக் கொடுப்போமே, அதே புண்ணாக்குதான். அங்கே அம்பாஸ் என்பார்கள். தார்ஃபூரில் நிலக்கடலை நன்றாக விளையும். எண்ணெய் ஆட்டியது போக மிஞ்சும் சக்கையைத் தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். பிறகு அதன் விலையும் ஏறியது, கடைசியில் அதுவும் கிடைக்காமல் போனது. மாட்டுத்தோலை வேகவைத்துத் தின்பதாகவும் செய்திகள் வந்தன.

சூடான் பற்றி எழுதினாலே யாராவது வந்து, "ஆப்பிரிக்காவில் பஞ்சம் என்ன புதுசா? மழை பெய்திருக்காது" என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். இந்தப் பேச்சை இனிமேல் சும்மா விட எனக்கு மனம் வரவில்லை. எல் ஃபாஷர் பட்டினி கிடந்ததற்கு மழை காரணமில்லை. 2023 ஏப்ரல் 15 அன்று தளபதி புர்ஹானின் தலைமையிலான சூடான் ராணுவத்துக்கும் ஹெமெட்டி என்பவர் நடத்தும் ஆர்.எஸ்.எஃப் என்ற துணை ராணுவத்துக்கும் சண்டை மூண்டது. 2024 மே வாக்கில் ஆர்.எஸ்.எஃப் அந்த நகரத்தைச் சுற்றி வளைத்தது. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுகள் முற்றுகை. வெளியே போகவோ உள்ளே எதையும் கொண்டுவரவோ முடியாதபடி ஊரைச் சுற்றி மண்கரை எழுப்பினார்கள். 2025 அக்டோபர் 26 அன்று நகரம் விழுந்தது. அதுவரை உள்ளே அகப்பட்டிருந்தவர்கள் ஏறக்குறைய இரண்டரை லட்சம் பேர்.

அப்புறம், உணவு அனுப்ப யாரும் முயலவில்லையா என்றால், முயன்றார்கள். 2025 ஜூனில் உலக உணவுத் திட்டமும் யுனிசெஃபும் சேர்ந்து 15 லாரிகளை அனுப்பின. செங்கடல் துறைமுகமான போர்ட் சூடானிலிருந்து கிளம்பி 1,800 கிலோமீட்டர் வந்துவிட்டன. எல் ஃபாஷருக்கு இன்னும் 80 கிலோமீட்டர்தான் பாக்கி. எந்த வழியாக வருகிறோம் என்று இரு தரப்புக்கும் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். அல் கூமா பக்கத்தில் இரவு நிறுத்தியிருந்தபோது தாக்குதல் நடந்தது. ஐந்து பேர் செத்தார்கள், லாரிகள் எரிந்தன. ஓராண்டுக்கும் மேலாக அந்த ஊருக்குள் நுழைய வந்த முதல் உணவு வண்டிகள் அவை.

ஆர்.எஸ்.எஃப் மட்டும்தான் இப்படி என்று நினைத்துவிட வேண்டாம். சாட் நாட்டிலிருந்து தார்ஃபூருக்குள் நுழைய நல்ல சாலை அத்ரே எல்லையில் இருக்கிறது. அந்த வழியாக ஆயுதம் வருகிறது என்று சொல்லி ராணுவ அரசு 2024 பிப்ரவரியில் அதை மூடியது. ஆயுதம் வந்தது உண்மைதான், ஆனால் மூடிய பிறகும் அது நிற்கவில்லை. நின்றது சோளமும் பருப்பும்தான். மறுபடி திறந்தது ஆகஸ்டில். அதாவது மழைக்காலத்தில், காட்டாறுகள் பெருக்கெடுத்து லாரிகள் சேற்றில் புதையும் நேரத்தில். அந்த ஆகஸ்ட் மாதம்தான் எல் ஃபாஷருக்குப் பக்கத்தில் இருந்த ஜம்ஜம் முகாமில் பஞ்சம் வந்துவிட்டதாக அறிவித்தார்கள். அதற்கு முன் 2023 டிசம்பரில் வாத் மதானி நகரத்தில் உலக உணவுத் திட்டத்தின் கிடங்கை ஆர்.எஸ்.எஃப் ஆட்கள் சூறையாடினார்கள். கிட்டத்தட்ட 15 லட்சம் பேருக்கு ஒரு மாதம் சோறு போடக்கூடிய சரக்கு அது.

பஞ்சம் என்று அறிவிப்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஐந்தில் ஒரு குடும்பத்துக்கு உணவே இல்லை என்ற நிலை வர வேண்டும். பத்துப் பிள்ளைகளில் மூன்று பேர் கடும் ஊட்டக்குறைவில் இருக்க வேண்டும். பத்தாயிரம் பேருக்கு நாளொன்றுக்கு இரண்டு பேராவது சாக வேண்டும். அந்த மூன்றாவது எண்ணை நினைத்துப் பாருங்கள். போதுமான அளவு பிணம் விழுந்த பிறகுதான் பஞ்சம் என்ற பெயரே கிடைக்கும். சரி, அறிவித்த பிறகாவது யாருக்காவது கட்டாயக் கடமை வருகிறதா? அதுவும் இல்லை. சூடான் அரசு அறிவிப்பை மறுத்தது, பஞ்சத்தைக் கணக்கிடும் ஐ.பி.சி என்ற சர்வதேச அமைப்போடு வைத்திருந்த தொடர்பையும் நிறுத்திக்கொண்டது. பொதுமக்களைப் பட்டினி போடுவதைப் போர்முறையாக்கக் கூடாது என்று ஐ.நா. பாதுகாப்பு அவை 2018லேயே 2417ஆம் எண் தீர்மானம் போட்டிருக்கிறது. தீர்மானம் இருக்கிறது, முற்றுகையும் நடந்து முடிந்தது.

இவ்வளவுக்கு நடுவிலும் அங்கே மக்கள் சாப்பிட்டது யார் கையால் என்பதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

கார்ட்டூம், ஓம்துர்மான், எல் ஃபாஷர் என்று போர் நடந்த ஊர்களில் எல்லாம் அந்தந்தத் தெருவிலேயே பொது அடுப்பு மூட்டினார்கள். தக்கியா என்பார்கள். சூஃபி மடங்களில் வழிப்போக்கர்களுக்குச் சோறு போட்ட பழைய வழக்கத்திலிருந்து வந்தது. இன்று இவற்றில் பலவற்றை நடத்துபவர்கள் அவசர உதவி அறைகள் என்ற பெயரில் இயங்கும் அந்தந்தப் பகுதி இளைஞர்களும் பெண்களும். 2018-19இல் நீண்டகால அதிபர் அல் பஷீரைப் பதவியிலிருந்து இறக்கிய போராட்டத்தில் தெருவுக்கு ஒரு குழு அமைத்தவர்களே இவர்களில் பலர். யார் வீட்டில் கிழவி தனியாக இருக்கிறாள், யார் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். பெரிய அண்டாவில் பருப்பு வேகும், மொச்சை வேகும், சோள மாவில் அசீதா கிண்டுவார்கள். அசீதா நம் ஊர்க் களியேதான். விடிந்ததும் பிள்ளைகள் சட்டியும் தூக்கும் எடுத்துக்கொண்டு வந்து வரிசையில் உட்கார்ந்துவிடுவார்கள். பல குடும்பங்களுக்கு அன்றைய முழுச் சாப்பாடும் அந்த ஒரு சட்டிதான்.

பணம் எப்படி வருகிறது? வெளிநாட்டில் இருக்கும் அண்ணன், அக்கா, பழைய வகுப்புத் தோழர்கள் பங்கக் என்ற வங்கிச் செயலியில் அனுப்புகிறார்கள். அந்தத் தொகையைக் கொண்டு உள்ளூர் வியாபாரியிடம் மூட்டை வாங்குகிறார்கள். கப்பல், கிடங்கு, லாரி, சோதனைச்சாவடி அனுமதி எதுவும் தேவையில்லை. இதன் பலவீனம் எங்கே என்றால், 2024 பிப்ரவரியில் நாடு முழுக்க இணையம் போனபோது பணம் வர வழியில்லாமல் கார்ட்டூமில் அடுப்புகள் பல அணைந்தன.

அடுத்த அடி 2025 ஜனவரியில் விழுந்தது. அமெரிக்கா ஒரே உத்தரவில் வெளிநாட்டு உதவியை நிறுத்தியது. இந்த அடுப்புகளுக்குப் போய்க்கொண்டிருந்த பணத்தில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வந்தது. சில வாரங்களில் 1,100க்கும் மேற்பட்ட சமையல்கூடங்கள் மூடப்பட்டன. கிட்டத்தட்ட ஐந்தில் நான்கு. அண்டா இருக்கிறது, சமைக்க ஆள் இருக்கிறது, சந்தையில் எட்டாத விலைக்காவது சரக்கு இருக்கிறது, வாங்கப் பணம் இல்லை. எனக்கு இதை நினைத்தால் இன்றும் ஆத்திரம் அடங்கவில்லை.

பெரிய நிறுவனங்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குழந்தையின் மேற்கையில் ஒரு வண்ண நாடாவைச் சுற்றி அளப்பார்கள். சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் சிவப்பு, உயிருக்கே ஆபத்து என்று பொருள். அந்தக் குழந்தையைக் களியும் பருப்பும் காப்பாற்றாது. அதற்கென்று செய்த கடலைப் பசை பொட்டலம் வேண்டும், ஒன்றில் 500 கலோரி, வாரக்கணக்கில் கொடுக்க வேண்டும். அதைச் செய்து கொண்டுவந்து சேர்க்க யுனிசெஃப் போன்றவர்களால்தான் முடியும். லாரி போகக்கூடிய இடத்துக்கு லாரி போகட்டும். போக முடியாத இடத்தில் லாரிக்காகக் காத்திருந்து பணத்தை முடக்கி வைப்பதைத்தான் தவறு என்கிறேன்.

"தெருவில் இருப்பவர்களுக்குப் பணம் கொடுத்தால் யார் கணக்குக் கேட்பது?" என்று நிதி கொடுப்பவர்கள் தயங்குகிறார்கள். கணக்கு இருக்கிறது. மூட்டை வாங்கிய ரசீது வைக்கிறார்கள், சமைத்ததைப் படமெடுத்து அனுப்புகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அண்டாவில் பருப்பு குறைந்தால் வரிசையில் நிற்கும் பக்கத்து வீட்டுக்காரி அன்றைக்கே கேட்பாள். நிதி கொடுப்பவர்கள் கேட்கக் கூடாத ஒன்று, சாப்பிட்டவர்களின் பெயர்ப் பட்டியல். இந்தத் தொண்டர்களை இரு தரப்புமே பிடித்து அடைத்திருக்கின்றன, பலர் கொல்லப்பட்டிருக்கிறார்கள். எதிரிக்குச் சோறு போட்டான் என்பதுதான் குற்றச்சாட்டு. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு பட்டியல் தவறான கைக்குப் போனால் என்ன ஆகும் என்று யோசித்துவிட்டுப் படிவம் தயாரிக்க வேண்டும்.

2025இல் இந்த அவசர உதவி அறைகளுக்கு ராஃப்டோ மனித உரிமைப் பரிசும் ரைட் லைவ்லிஹுட் விருதும் கொடுத்தார்கள். மனமார மகிழ்ந்தேன். ஆனால் அதே ஆண்டில் சூடானுக்காக ஐ.நா. கேட்ட நிதியில் பாதிகூட வந்து சேரவில்லை. வந்ததில் இந்த அறைகளின் கைக்கு நேரடியாகப் போனது மிகச் சிறிய பங்கு.

எல் ஃபாஷரிலிருந்து தப்பியவர்கள் மேற்கே இருக்கும் தவீலா என்ற ஊருக்கு நடந்து போனார்கள். 2025 ஏப்ரலில் ஆர்.எஸ்.எஃப் ஜம்ஜம் முகாமை அடித்து நொறுக்கியபோது ஓடிய லட்சக்கணக்கானவர்களில் பலரும் அங்கேதான் இருக்கிறார்கள். அங்கும் பொது அடுப்பு எரிகிறது. லண்டன், டொராண்டோ, சிட்னியில் இருக்கும் நண்பர்கள் சூடானுக்குக் கொடுக்க நினைத்தால், இந்த அறைகளுக்கு நேராக அனுப்பும் மியூச்சுவல் எய்ட் சூடான் கூட்டணியைப் பாருங்கள். வேறு பெரிய நிறுவனத்துக்குக் கொடுப்பதென்றாலும் சரி. கொடுக்கும் முன் ஒரு மின்னஞ்சல் போட்டு, எங்கள் பணத்தில் எத்தனை பங்கு உள்ளூர் சமையல்கூடங்களுக்குப் போகும் என்று கேளுங்கள். பதில் வந்தால் இங்கே கீழே போடுங்கள், எல்லாரும் பார்க்கட்டும்.