அடுத்த வாரம் என்ன பேசப்படும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்?

நாடாளுமன்றம் நடக்கும் காலத்தில், வாரத்தின் கடைசி அமர்வு நாளன்று நாடாளுமன்ற விவகாரத் துறை அமைச்சர் எழுந்து ஒரு சிறிய அறிக்கையை வாசிப்பார். அடுத்த வாரம் அரசு எந்தெந்த அலுவல்களை எடுக்கப்போகிறது என்ற விவரம் அதில் இருக்கும். சில நிமிடங்களில் முடிந்துவிடும். பிறகு உறுப்பினர்கள் ஒவ்வொருவராக எழுந்து, இந்தப் பொருளையும் சேருங்கள், அந்தப் பொருளையும் சேருங்கள் என்று கோருவார்கள். கோரிக்கைகள் குறிப்பில் ஏறும், பட்டியல் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

அமளி, வெளிநடப்பு, இடைநீக்கம் பற்றி நாள்கணக்கில் விவாதிக்கிறோம். அவையின் நேரம் யார் கையில் இருக்கிறது என்று மட்டும் கேட்பதில்லை. என் பார்வையில் மற்ற எல்லாவற்றுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

முதலில் நாள்களைப் பார்ப்போம். எப்போது கூடுவது என்பதை அவை தானே தீர்மானிக்க முடியாது. அமைச்சரவையின் நாடாளுமன்ற விவகாரக் குழு தேதியைப் பரிந்துரைக்கும், குடியரசுத் தலைவர் அழைப்பு விடுப்பார். இரண்டு கூட்டத்தொடர்களுக்கு நடுவே ஆறு மாதம் தாண்டக் கூடாது என்பது மட்டுமே அரசியலமைப்பின் 85ஆவது பிரிவு போடும் கட்டுப்பாடு. 1955இலேயே மக்களவையின் பொது நோக்கக் குழு, ஆண்டுக்கு மூன்று கூட்டத்தொடர், ஒவ்வொன்றும் எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் முடிய வேண்டும் என்று ஒரு நாள்காட்டியே போட்டுக் கொடுத்தது. அது நடைமுறைக்கு வரவில்லை. மக்களவை ஆண்டுக்கு 120 நாள், மாநிலங்களவை 100 நாள் கூட வேண்டும் என்று 2002இல் அரசியலமைப்புச் செயல்பாட்டு மறு ஆய்வு ஆணையம் சொன்னது. அதுவும் ஏட்டோடு நின்றது. முதல் மக்களவை ஆண்டுக்குச் சராசரியாக 135 நாள் கூடியது. 2019 முதல் 2024 வரை இருந்த 17ஆவது மக்களவையின் சராசரி 55 நாள்.

கிடைக்கும் நாள்களுக்குள் எதற்கு எத்தனை மணி நேரம் என்று பிரிப்பது அலுவல் ஆலோசனைக் குழுவின் வேலை. மக்களவையில் சபாநாயகர் தலைமையில் 15 பேர், மாநிலங்களவையில் அவைத்தலைவரையும் சேர்த்து 11 பேர். கட்சிகளின் தலைவர்கள் உட்கார்ந்து, இந்த மசோதாவுக்கு நான்கு மணி, அதற்கு இரண்டு மணி என்று பேசி முடிப்பார்கள். குழுவின் அறிக்கையை அவை ஏற்றதும் அதுவே கணக்கு. எந்த மசோதா வரும் என்பதை அரசு முடிவு செய்கிறது. அதற்கு எவ்வளவு நேரம் என்பதில்தான் எதிர்க்கட்சிக்குப் பேசும் இடம்.

மணி முடிவானதும் கட்சிகளின் பலத்துக்கு ஏற்பப் பங்கு பிரிப்பார்கள். நான்கு மணி நேரம், அதாவது 240 நிமிடம் ஒதுக்கப்பட்ட ஒரு மசோதாவை இப்போதைய மக்களவையில் வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். மொத்தம் 543 இடம். 2024 தேர்தலில் 240 இடம் பெற்ற பா.ஜ.க.வுக்கு 106 நிமிடம் வரும். 22 இடம் பெற்ற தி.மு.க.வுக்குப் பத்து நிமிடத்துக்கும் சற்றுக் குறைவு. இரண்டு இடம் பெற்ற விடுதலைச் சிறுத்தைகளுக்கு 53 விநாடி. நடைமுறையில் சிறு கட்சிகளுக்குச் சபாநாயகர் இரண்டு மூன்று நிமிடம் தாராளமாகக் கொடுப்பதுண்டு. ஆனாலும் பேசுபவர் மசோதாவின் மூன்றாவது பிரிவுக்குள் நுழைவதற்குள் மணி அடித்துவிடும். நம் ஊர் எம்.பி. ஏன் முழக்கமாகவே பேசுகிறார், பிரிவு வாரியாக ஏன் பேசுவதில்லை என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

மக்களவையின் நாள் காலை 11 மணிக்குக் கேள்வி நேரத்தோடு தொடங்கும். 12 மணிக்கு அவை மேசையில் ஆவணங்கள் வைக்கப்படும், பிறகு உறுப்பினர்கள் அவசரப் பொருள்களை எழுப்பும் பூஜ்ய நேரம். மதியம் 1 முதல் 2 வரை உணவு இடைவேளை. அதன் பிறகு 6 மணி வரை பெரும்பகுதி அரசு அலுவல். மாநிலங்களவையில் 11 மணி அமளியில் கேள்வி நேரம் தொடர்ந்து அடிபட்டதால், 2014இல் அதை 12 மணிக்கு நகர்த்தினார்கள். அமளியும் கூடவே நகர்ந்தது.

கேள்வி நேரத்தின் உள்கணக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், அரசு நேருக்கு நேர் பதில் சொல்லியாக வேண்டிய மணி அது ஒன்றுதான். மக்களவையில் கேள்விக்கு முழுதாக 15 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். வந்த கேள்விகளைக் குலுக்கி, ஒரு நாளுக்கு 20 நட்சத்திரக் கேள்வி, 230 நட்சத்திரமில்லாக் கேள்வி என்று பட்டியல் போடுவார்கள். நட்சத்திரக் கேள்விக்கு அமைச்சர் வாயால் பதில் சொல்ல வேண்டும், அதை ஒட்டித் துணைக் கேள்வியும் கேட்கலாம். நட்சத்திரமில்லாததற்கு எழுத்தில் பதில், அதோடு சரி. ஒரு மணி நேரத்தில் 20 கேள்வியும் எட்டப்படுவது அரிது. ஐந்தாறு கேள்விகள் வாய்மொழிக்கு வந்தாலே நல்ல நாள்.

அமைச்சகங்களை ஐந்து தொகுதிகளாகப் பிரித்து, திங்கள் முதல் வெள்ளி வரை ஆளுக்கொரு நாள் கொடுத்திருக்கிறார்கள். அப்படியானால் ஓர் அமைச்சகம் வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் கேள்வியைச் சந்திக்கிறது. மூன்று வாரக் கூட்டத்தொடரில் மூன்று நாள். அந்த மூன்றில் இரண்டு நாள் காலை 11.05க்கு அவை ஒத்திவைக்கப்பட்டால், அந்த அமைச்சர் கூட்டத்தொடர் முழுவதிலும் துணைக் கேள்விகளை ஒரே ஒரு நாள்தான் எதிர்கொள்கிறார். கேட்கப்படாத கேள்வி மறுநாளைக்கும் போகாது. எழுத்துப்பூர்வ பதில் அவையில் வைக்கப்பட்டதாகக் கணக்கு முடியும். கேள்வி நேரத்தை முடக்குவது எதிர்க்கட்சிக்கே நட்டம் என்று நான் உறுதியாக நினைப்பது இதனால்தான். 2020 செப்டம்பர் கூட்டத்தொடரில் கொரோனாவைக் காரணம் காட்டி அரசு கேள்வி நேரத்தையே எடுத்துவிட்டபோது கொதித்தோம். அதே மணியை நாமே பறிகொடுப்பதையும் அதே கண்ணோடு பார்க்க வேண்டும்.

அப்படியானால் எதிர்க்கட்சி எப்போதுதான் தன் பொருளைப் பேசும்? மக்களவை விதி 193இன் கீழ் குறுகிய கால விவாதம் கேட்கலாம். வாரத்தில் இரண்டு அமர்வுகளை அதற்கு ஒதுக்கலாம், ஒரு விவாதத்துக்கு இரண்டு மணி நேரம் வரை தரலாம் என்று விதி இடம் தருகிறது. ஆனால் நாளைக் குறிப்பது அவை முன்னவரோடு கலந்துபேசித்தான். அவை முன்னவர் என்பவர் பிரதமர், அல்லது அவர் நியமிக்கும் அமைச்சர். யாரிடம் பதில் கேட்க வேண்டுமோ, அவரைக் கேட்டுத்தான் நாள் குறிக்க வேண்டியிருக்கிறது. வாக்கெடுப்போடு கூடிய தீர்மானம் கொடுத்தால் 'நாள் குறிக்கப்படாத தீர்மானம்' என்ற தலைப்பில் ஏற்கப்பட்டு, கூட்டத்தொடர் முடியும்வரை அங்கேயே கிடக்கலாம்.

மணிப்பூர் கலவரம் பற்றி 2023இல் நடந்ததை இந்த வெளிச்சத்தில் பாருங்கள். எந்த விதியின் கீழ் விவாதிப்பது, பிரதமர் பேசுவாரா என்பதிலேயே நாள்கள் கரைந்தன. கடைசியில் எதிர்க்கட்சிகள் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தைக் கொண்டுவந்தன. ஜெயிக்கும் எண்ணிக்கை தங்களிடம் இல்லை என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் தேவையான ஆதரவு இருந்தால் அரசால் தள்ளிப்போட்டு மறக்க முடியாத பொருள் அதுதான், விதியே அதற்குக் கெடு வைத்திருக்கிறது. ஜூலை 26இல் ஏற்கப்பட்டது, ஆகஸ்ட் 8 முதல் 10 வரை விவாதம் நடந்தது. ஒரு மாநிலம் எரிவதைப் பற்றிப் பேச அரசைக் கவிழ்க்கும் கருவியைத்தான் கையில் எடுக்க வேண்டும் என்றால், வார அட்டவணையில் பெரிய ஓட்டை இருக்கிறது. பிரிட்டன் மக்களவையில் ஒரு கூட்டத்தொடருக்கு 20 நாள் எதிர்க்கட்சிகளுக்கு, அன்று பொருளைத் தேர்ந்தெடுப்பது அவர்களே. நமக்கு வாரத்தில் அரை நாள் போதும். அதை விதியில் எழுதிவிட்டால் அவையின் நடுவே இறங்கிக் கத்த வேண்டிய அவசியமும் பாதியாகக் குறையும்.

வெள்ளிக்கிழமையின் கடைசி இரண்டரை மணி நேரம் தனிநபர் அலுவலுக்கு, அதாவது அமைச்சரல்லாத உறுப்பினர்கள் கொண்டுவரும் அலுவலுக்கு. ஒரு வெள்ளி மசோதா, அடுத்த வெள்ளி தீர்மானம். 1952இலிருந்து சட்டமான தனிநபர் மசோதாக்கள் 14 மட்டுமே, கடைசியாக ஒன்று சட்டமானது 1970இல். திருநங்கையர், திருநம்பியர் உரிமைக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த மசோதா 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவையில் நிறைவேறியது. அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை. மக்களவையைத் தாண்டவில்லை என்றாலும், அரசு பிறகு தன் சொந்தச் சட்டத்தைக் கொண்டுவர வேண்டிய நிலையை அது உண்டாக்கியது. அந்த அரை நாளின் மதிப்பு அவ்வளவு. கூட்டத்தொடரை முன்கூட்டியே முடிக்கும்போது அடிபடுவதும் பல சமயம் அதுதான். 2023 குளிர்காலக் கூட்டத்தொடர் டிசம்பர் 4 முதல் 22 வரை என்று அறிவிக்கப்பட்டு 21ஆம் தேதியே முடிந்தது. இழந்த 22ஆம் தேதி வெள்ளிக்கிழமை.

அட்டவணை திடீரென்று மாறுவது இன்னொரு நோய். மசோதாவின் நகல் அறிமுகத்துக்கு இரண்டு நாள் முன்பே உறுப்பினர் கையில் இருக்க வேண்டும் என்று மக்களவைச் சபாநாயகரின் வழிகாட்டு நெறி சொல்கிறது. அதைத் தளர்த்தவும் அதிகாரம் உண்டு. தளர்த்தினால், துணை அலுவல் பட்டியல் என்று ஒரு தாள் அன்று காலையிலேயே வந்து சேரும். ஜம்மு காஷ்மீர் மறுசீரமைப்பு மசோதா 2019 ஆகஸ்ட் 5 அன்று மாநிலங்களவையில் அறிமுகமாகி அன்றே நிறைவேறியது. வேளாண் சட்டங்களைத் திரும்பப் பெறும் மசோதா 2021 நவம்பர் 29 அன்று ஒரே நாளில் இரு அவைகளையும் விவாதமின்றித் தாண்டியது. முதலாவதை எதிர்த்தவர்களும் இரண்டாவதைக் கொண்டாடியவர்களும் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருக்க வேண்டும்: படிக்க நேரம் எங்கே?

இனி குழுக்கள். உண்மையான வேலை நடக்க வேண்டிய இடம் இதுதான். அமைச்சகங்களின் வேலையையும் மசோதாக்களையும் ஆராயும் துறைசார் நிலைக்குழுக்கள் 1993இல் 17 ஆகத் தொடங்கி, 2004இல் 24 ஆயின. ஒவ்வொன்றிலும் 31 பேர், மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10. மூன்றில் ஒரு பங்கு, அதாவது 11 பேர் இருந்தால்தான் அமர்வு செல்லும். ஒரு பொருளை எடுத்தால் முதலில் அமைச்சகம் பின்னணிக் குறிப்பு அனுப்பும். குழுச் செயலகம் கேள்விப் பட்டியல் தயாரித்து அனுப்பும். பிறகு துறைச் செயலர் நேரில் வந்து விளக்குவார். வல்லுநர்கள், பாதிக்கப்பட்டோர் சாட்சியம் சொல்வார்கள். அங்கே பதில் வராதவற்றுக்கு எழுத்தில் பதில் கேட்பார்கள். வரைவறிக்கை, ஏற்பு, தாக்கல் என்று முடிந்து, மூன்று மாதத்தில் அரசு என்ன செய்தது என்று பதில் தர வேண்டும். ஒழுங்காக நடந்தால் அருமையான முறை.

எங்கே கெடுகிறது? குழுக்களின் ஆயுள் ஓர் ஆண்டு. உறுப்பினர் ஒரு துறையைப் புரிந்துகொண்டு கேள்வி கேட்கத் தொடங்கும்போது காலம் முடிந்துவிடுகிறது. புதிதாக அமைப்பதும் தாமதம். 2024 ஜூனில் புதிய மக்களவை கூடியது, நிலைக்குழுக்கள் அமைந்தது செப்டம்பர் இறுதியில். அதனால் ஜூலை 23 அன்று தாக்கலான பட்ஜெட்டின் மானியக் கோரிக்கைகள், அதாவது அமைச்சகங்கள் கேட்கும் செலவுத் தொகைகள், நிலைக்குழு பார்க்காமலேயே அவையில் நிறைவேறின. அவை நடக்கும் நாள்களில் குழு அமர்வும் வந்தால், உறுப்பினர் தன் பேச்சு முறைக்காக அவையில் காத்திருப்பதா, செயலரைக் கேள்வி கேட்கப் போவதா என்று தவிக்கிறார். மசோதாவைக் குழுவுக்கு அனுப்பியே தீர வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. 15ஆவது மக்களவையில் 71 சதவீத மசோதாக்கள் குழுவுக்குப் போயின. 17ஆவதில் 16 சதவீதம்.

பட்ஜெட் காலம் இதன் உச்சம். பிப்ரவரி 1 தாக்கல், பிறகு சுமார் மூன்று வாரம், சில ஆண்டு நான்கு வாரம் இடைவேளை. அந்த இடைவேளையே குழுக்களுக்காகத்தான். பல துறைகளைச் சுமக்கும் குழுவால் ஒரு துறைக்கு ஓர் அமர்வுக்கு மேல் தருவது கடினம். மார்ச்சில் அவை மீண்டும் கூடியதும், விரல்விட்டு எண்ணக்கூடிய அமைச்சகங்களின் மானியக் கோரிக்கை மட்டும் விவாதத்துக்கு வரும். மீதி அனைத்தும் குறித்த நாளில் மொத்தமாக வாக்கெடுப்புக்கு விடப்படும். கில்லட்டின் என்று அதற்குப் பெயர். 2018இலும் 2023இலும் எந்த அமைச்சகமும் விவாதிக்கப்படவே இல்லை. 2023 மார்ச் 23 அன்று சுமார் 45 லட்சம் கோடி ரூபாய்ச் செலவுத் திட்டம் சில நிமிடங்களில் மக்களவையைக் கடந்தது. முன்பு பிப்ரவரி கடைசியில் பட்ஜெட் வந்தபோது, இடைக்காலச் செலவு அனுமதி பெற்றுக்கொண்டு ஏப்ரல், மே வரை விவாதிக்க முடிந்தது. 2017இலிருந்து, மக்களவைத் தேர்தல் ஆண்டுகளைத் தவிர, எல்லாம் மார்ச் 31க்குள் முடிகிறது. நிதியாண்டின் முதல் நாளே துறைகளுக்குப் பணம் கிடைப்பது நல்லதுதான். விவாதத்துக்கான நாள்களை எங்கிருந்தாவது ஈடுகட்டியிருக்க வேண்டும், அதைச் செய்யவில்லை.

நிலைக்குழுக்கள் ஒரு மசோதாவை ஆராயும்போது பொதுமக்களிடம் கருத்துக் கேட்டு விளம்பரம் தரும். பெரும்பாலும் 15 நாள் அவகாசம். மனு ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். மீன்பிடிச் சட்டத்தால் பாதிக்கப்படும் ராமேசுவரத்து மீனவர் சங்கம் 15 நாளுக்குள் மசோதாவைப் படித்து, மொழிபெயர்க்க ஆள் பிடித்து, பிரிவு வாரியாக மனு எழுதி டெல்லிக்கு அனுப்ப வேண்டும். அவைக்குள் தமிழில் பேச மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார். குழுவுக்குத் தமிழில் எழுத ஏன் வழியில்லை? அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகள் எதிலும் மனு ஏற்கப்படும், அவகாசம் குறைந்தது 30 நாள் என்று அறிவிக்கச் சட்டத் திருத்தம் எதுவும் தேவையில்லை, நம் எம்.பி.க்கள் 39 பேரும் சேர்ந்து இந்தக் கூட்டத்தொடரிலேயே சபாநாயகரிடம் எழுதிக் கொடுக்கலாம்.