பட்டம் இல்லாததா குறை?

நடிகைகளும் பாடகர்களும் திடீரென ஆடை வடிவமைப்பாளர் ஆவதை நான் படித்த ஒரு கட்டுரையில் அதை எழுதியவர் ஒரு பிடி பிடித்திருக்கிறார். கோபம் நியாயம்தான். ஆனால் ஆடை வடிவமைப்பைக் 'கல்லூரியில் படிக்காதவர்கள்' என்று அவர் சொல்லும் காரணம் எனக்கு உடன்பாடில்லை.

2009-இல் பாரிஸின் உங்காரோ ஆடை நிறுவனம் அமெரிக்க நடிகை லிண்ட்சே லோஹனைக் கலை ஆலோசகராக்கியது. அக்டோபர் காட்சியில் மாடல்களின் மார்பில் பளபளக்கும் இதயங்களை ஒட்டி மேடையேற்றினார்கள். விமர்சகர்கள் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டார்கள். கூடவே எஸ்ட்ரெல்லா ஆர்க்ஸ் என்ற தொழில்முறை வடிவமைப்பாளர் இருந்தும் பயனில்லை. சரி, அந்த நிறுவனத்தைத் தொடங்கிய இமானுவேல் உங்காரோ கற்றது எங்கே? தையற்காரரான அப்பாவிடம், பிறகு புகழ்பெற்ற ஆடை வடிவமைப்பாளர் பலென்சியாகாவின் பட்டறையில் ஆண்டுக்கணக்கில்.

குழந்தை நட்சத்திரங்களாக இருந்த ஓல்சன் சகோதரிகளைப் பாருங்கள். ஒரு டி-ஷர்ட்டைக் குறையில்லாமல் தைக்க முடியுமா என்ற கேள்வியில் பிறந்ததுதான் அவர்களுடைய 'தி ரோ' ஆடை நிறுவனம். வெவ்வேறு வயதும் உடல்வாகும் கொண்ட பெண்களுக்கு அணிவித்துப் பார்த்துத் திருத்தினார்கள். 2006-இல் தொடங்கியவர்களுக்கு 2012-இல் அமெரிக்க வடிவமைப்பாளர் மன்றத்தின் மகளிர் ஆடை விருது கிடைத்தது. (அவர்கள் கேட்கும் விலைக்கு நான் ஒரு பொத்தான்கூட வாங்க மாட்டேன், அது வேறு கதை.)

ஊசியைக் கையில் பிடித்தே அறியாதவரையும் பெயருக்காகத் தேடிப்பிடித்து நாற்காலியில் உட்கார வைக்கும் முதலாளிகளை மட்டும் கட்டுரை ஏன் தொடவேயில்லை? லோஹனை அழைத்து வந்தது அவர்கள்தானே!