"சும்மா கிளம்பி வா"ன்னு எங்கிட்ட சொன்னவங்களுக்கு

மான்கோராவுல இருந்து திரும்பி மூணு வாரம் ஆகுது. இன்னும் மனசு ஆறல. யார்கிட்ட சொன்னாலும் "பெரு வரைக்கும் போயிட்டு வந்துட்டு என்னடா புலம்பல்"னு கேக்குறாங்க. புலம்பத்தான் போறேன்.

மான்கோரா, பெருவோட வடமேற்கு மூலையில இருக்கிற கடற்கரை ஊர். லிமாவுல இருந்து 1,100 கிலோமீட்டருக்கு மேல. பெரு கடற்கரை நெடுக ஹம்போல்ட் நீரோட்டம் தண்ணியைச் சில்லுன்னு வச்சிருக்கும்; இந்த மூலைக்கு வந்தாதான் பூமத்திய ரேகைப் பக்கத்து வெதுவெதுப்பான தண்ணி வந்து கலக்குது. வருஷம் பூரா கடல்ல இறங்கலாம். பான்-அமெரிக்கன் நெடுஞ்சாலைதான் ஊருக்கே மெயின் ரோடு. லாரிங்களுக்கு நடுவுல மோட்டோடாக்சி, அதாவது நம்ம ஆட்டோ மாதிரி மூணு சக்கர வண்டி, புகுந்து புகுந்து போகும். அதுல நிறைய வண்டி நம்ம பஜாஜ். நெத்தியில அந்தப் பேரைப் பாத்ததும் ஊர்க்காரனைப் பாத்த மாதிரி இருந்துச்சு. நான் போனது ஆகஸ்ட், கூன்முதுகுத் திமிங்கிலம் வர்ற சீசன். பக்கத்துல லோஸ் ஓர்கனோஸ்ல இருந்து படகுல போய்ப் பாத்தேன். ஊர் மேல எனக்கு ஒரு குறையும் இல்ல.

என் கோபமெல்லாம் ஊர் சுத்த வர்றவங்க தங்குற ஹாஸ்டல்ல கூடத் தங்கினவங்க மேல.

எட்டுப் பேர் படுக்கிற ரூம். ஜெர்மனி, நெதர்லாந்து, அர்ஜென்டினா, ஆஸ்திரேலியா. நல்ல பசங்கதான். முதல் நாளே பீரைக் கையில குடுத்து உக்கார வச்சாங்க. ரெண்டாவது நாள் சாயங்காலம் ஊஞ்சல் படுக்கையில சாஞ்சிருந்த ஒருத்தன், "நாளைக்குக் காலைல ஈக்வடார் போலாமா? மோன்டனிட்டால அலை சூப்பரா இருக்காம்"னான். அஞ்சு நிமிஷம். அதுக்குள்ள ஆறு பேர் முடிவு பண்ணிட்டாங்க. அப்புறம் எல்லாரும் என் பக்கம் திரும்பி, "நீயும் கிளம்பி வா!"

எனக்கு விசா வேணும்னு சொன்னேன். நெதர்லாந்துக்காரன் சிரிச்சான். "எல்லையிலயே முத்திரை போட்டுத் தருவாங்களே!" ஆமா, அவனுக்குப் போடுவாங்க. அர்ஜென்டினாப் பொண்ணு பாஸ்போர்ட்டே எடுத்துட்டு வரல. அவங்க நாட்டு அடையாள அட்டையைக் காட்டியே பெருவுக்குள்ள வந்திருக்கா, அதைக் காட்டியே ஈக்வடாருக்கும் போவா. அவ மேல எனக்குக் கோபம் இல்ல. நாமளும் வாக்காளர் அட்டையை வச்சு நேபாளம் போறோம்தானே.

ஈக்வடாரும் ஒரு காலத்துல நமக்குக் கதவைத் திறந்து வச்சிருந்த நாடுதான். 2008-ல கிட்டத்தட்ட உலகத்துக்கே விசா வேண்டாம்னு சொன்னாங்க. 2019 ஆகஸ்ட்டுல இந்தியா, இலங்கைன்னு ஒரு பட்டியல் போட்டு, இவங்களுக்கெல்லாம் விசா வேணும்னு மாத்திட்டாங்க. இதை நான் விளக்கிச் சொல்ல, அந்த ஆஸ்திரேலியாக்காரன் என்ன சொன்னான் தெரியுமா? "நீ ரொம்ப யோசிக்கிற. பயணத்துல திட்டம் போடக் கூடாது. மனசு சொல்ற பக்கம் போகணும்."

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிடுச்சு.

நான் ரொம்ப யோசிக்கிறேனா? யோசிக்காம இருக்க என்னை யார் விட்டா? அமெரிக்க விசாவோ, ஐரோப்பாவுல நிறைய நாட்டுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவோ இருக்கிற இந்தியர்களுக்குப் பெருவுக்குத் தனி விசா வேண்டாம். அதாவது பணக்கார நாடு ஒண்ணு ஏற்கெனவே சலிச்சு எடுத்த ஆளா இருந்தா உள்ள வரலாம். எங்கிட்ட ரெண்டும் இல்ல. அதனால டில்லியில இருக்கிற தூதரகத்துக்கு மனு போட்டேன். ஆறு மாச பேங்க் ஸ்டேட்மென்ட், ஒவ்வொரு பக்கத்துலயும் பேங்க் சீல். ஆபீஸ்ல லீவு குடுத்திருக்காங்கன்னு ஒரு லெட்டர், திரும்ப வேலைக்கு வந்து சேருவேன்னு இன்னொரு லெட்டர். வருமான வரி ரிட்டர்ன். போக வர டிக்கெட். ஒவ்வொரு ராத்திரியும் எந்த ஊர்ல எந்தக் கட்டில்ல படுப்பேன்னு மூணு மாசம் முன்னாடியே புக்கிங். அமெரிக்கா வழியா டிக்கெட் மலிவாக் கிடைச்சது, எடுக்க முடியல. அங்க விமானம் மாறக்கூட விசா கேப்பாங்க. கிண்டியில போய் மஞ்சக் காய்ச்சல் ஊசி போட்டு மஞ்ச அட்டை வாங்கினேன், அந்தப் பக்கத்துல இருந்து இந்தியாவுக்குத் திரும்பும்போது நம்ம ஆளுங்களே அதைக் கேப்பாங்க. இது அத்தனையும் ஒரு நீலக் கலர் ஃபைல்ல என் தலையணைக்கு அடியில இருந்துச்சு. கடலுக்குப் போனாலும் லாக்கர்ல பூட்டிட்டு, பூட்டை ரெண்டு தடவ இழுத்துப் பாத்துட்டுத்தான் போவேன்.

இதை "உன் சுபாவம்"னு சொன்னா எப்படிங்க பொறுத்துக்கிறது? அவன் மனசு சொல்ற பக்கம் போறது அவன் பாஸ்போர்ட்டு குடுத்த வசதி. அதை அவன் தைரியம்னு நினைச்சுக்கிறான். எனக்கு அது இல்லாததைப் பயம்னு சொல்றான்.

ஜெர்மன்காரன் இன்னும் ஒரு படி மேல. "போய்க் கேட்டுப் பாரு. மிஞ்சிப்போனா வேண்டாம்னு சொல்வாங்க, அவ்வளவுதானே?" அவ்வளவுதான் இல்லப்பா! எனக்குக் குடுத்தது ஒரே ஒரு தடவ நுழையற விசா. வெளிய போற முத்திரை குத்தின பிறகு அந்தப் பக்கம் சேத்துக்கலைன்னா, இந்தப் பக்கமும் எனக்கு உரிமை இல்ல. என் ஃபிளைட் லிமாவுல. அதுவும் போக, ஒரு நாடு திருப்பி அனுப்பிச்சுன்னா, அதுக்கப்புறம் விசா ஃபாரத்துல "எந்த நாட்டுலயாவது அனுமதி மறுக்கப்பட்டதுண்டா?"ங்கிற கட்டம் வரும்போதெல்லாம் "ஆம்"னு எழுதி, கீழ விளக்கம் எழுதணும். ஆயுசுக்கும்.

இதுக்கு நடுவுல நெதர்லாந்துக்காரன் இந்தியா ஈ-விசாவைப் பத்திக் குறை சொல்ல ஆரம்பிச்சான். அப்பா பேர் அம்மா பேர் கேக்குதாம், மதம் கேக்குதாம், பத்து வருஷத்துல போன நாடெல்லாம் எழுதச் சொல்லுதாம். வீட்டுல சோபாவுல உக்காந்து ஒரு மணி நேரம் வீணாப் போச்சாம். எங்கிட்ட சொல்றான், எங்கிட்ட! அந்த ஃபாரம் மோசம்தான், ஒத்துக்கிறேன். ஆனா என் கதையை முழுசாக் கேட்ட அடுத்த நிமிஷம் தன் ஒரு மணி நேரத்தைப் பத்திப் பேச ஒருத்தனுக்கு எப்படி வாய் வருது?

அன்னிக்கு ராத்திரி சமையல்கட்டுல தண்ணி பிடிக்கப் போனேன். அங்க ஒரு அக்கா மறுநாள் செவிச்சேக்கு, அதாவது பச்சை மீனை எலுமிச்சைச் சாறுல ஊற வைக்கிற பதார்த்தத்துக்கு, எலுமிச்சம்பழம் நறுக்கிட்டு இருந்தாங்க. வெனிசுலாக்காரங்க. எனக்குத் தெரிஞ்ச அரைகுறை ஸ்பானிஷ்ல நடந்ததைச் சொன்னேன். சிரிக்கல. கத்தியைக் கீழ வச்சுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க: "உனக்கு எத்தனை நாள் முத்திரை போட்டாங்க?"

அந்த ஊர்ல என்னை அந்தக் கேள்வி கேட்டது அவங்க ஒருத்தர்தான்.

2018-ல கொலம்பியா, ஈக்வடார் வழியா கொஞ்சம் பஸ், கொஞ்சம் லாரி, மீதி நடைன்னு இதே நெடுஞ்சாலையில வந்தவங்க. அவங்க தம்பி கிளம்பறதுக்குள்ள 2019 ஜூன்ல வெனிசுலாக்காரங்ககிட்ட பெரு விசா கேக்க ஆரம்பிச்சது, ஆகஸ்ட்டுல ஈக்வடாரும். அவன் ட்ரோச்சா வழியா, அதாவது அதிகாரிங்க நிக்காத ஒத்தையடிப் பாதையில, ராத்திரியில ஈக்வடார்-பெரு எல்லையில இருக்கிற சருமில்லா கால்வாயைக் கடந்து வந்தானாம். 2021-ல அவன மாதிரி வர்றவங்களைத் தடுக்க அந்த எல்லையில பெரு ராணுவமே வந்து நின்னுச்சு. அங்கதான் இந்தப் பசங்க ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டு பஸ்ஸுல போய் ஒரு முத்திரை வாங்கிட்டு அந்தப் பக்கம் இறங்கப் போறாங்க. அதே பசங்க காலைல இந்த அக்கா கையால காபி வாங்கிட்டு, "இந்த ஊர் மக்கள் எவ்வளவு சந்தோஷமா இருக்காங்க!"ன்னு பேசிக்கிட்டாங்க. அவங்க இந்த ஊரே இல்லடா! ஒரு தடவயாவது கேட்டீங்களா?

என் பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டினேன். அக்கா கையை ஏப்ரன்ல துடைச்சுட்டு வாங்கி, முத்திரையை வெளிச்சத்துல சாய்ச்சுப் படிச்சு, விரல் விட்டு எண்ணினாங்க. "இன்னும் 11 நாள் இருக்கு. ஒரு நாள்கூட தாண்டிடாத"ன்னாங்க.

காலைல ஆறு மணிக்கு அந்த ஆறு பேரும் ரெண்டு மோட்டோடாக்சில ஏறிப் போனாங்க. மறுநாள் மத்தியானம் குரூப்புல மோன்டனிட்டா கடற்கரை போட்டோ வந்துச்சு, ஆறு பேரும் கட்டை விரலைத் தூக்கிக்கிட்டு. கீழ "நீ வந்திருக்கலாம்!"னு எழுதி ஒரு ஹார்ட்.

அந்த நிமிஷமே குரூப்பை விட்டு வெளிய வந்துட்டேன்.