ஏலத்தில் மாணிக்கம் எடுக்கும் முன்

ரத்தினக் கல் பரிசோதிக்கும் வேலையில் இருக்கிறேன். அதனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "நேச்சுரல் ரூபி, 8 கேரட், ஆரம்ப விலை 1 டாலர்" என்று ஆன்லைன் ஏலத்தில் பார்த்தால் தயவுசெய்து கை வைக்காதீர்கள். நல்ல சிவப்பில், கண்ணுக்குச் சுத்தமாக, 8 கேரட்டில் இயற்கை மாணிக்கம் கிடைப்பது மிக அபூர்வம். அப்படி ஒன்றை வைத்திருப்பவர் அதை ஒரு டாலரில் ஏலம் விட வேண்டிய அவசியமே இல்லை.

பிறகு பார்சலில் வருவது என்ன? நான் பார்த்தவரை பெரும்பாலும் ஈயக் கண்ணாடி நிரப்பிய கல்தான். மடகாஸ்கரின் அண்டிலமேனா பகுதியில் வெடிப்பும் விரிசலுமாகக் கிடைத்த மட்டமான குருந்தக் கல்லை (மாணிக்கமும் நீலமும் இந்தக் கனிமத்தின் வகைகள்தான்) எடுத்து, ஈயம் கலந்த கண்ணாடியை உருக்கி விரிசலுக்குள் இறக்கிவிடுவார்கள். விரிசல் வெளியே தெரியாது. 2004 வாக்கில் தாய்லாந்து வழியாகச் சந்தைக்கு வந்த சரக்கு இது.

மகள் கல்யாண நெக்லஸில் பதிக்க ஏலத்தில் எடுத்த கற்களை ஒரு அக்கா கொண்டுவந்தார். "ஆசாரிகிட்ட கொடுத்தேன் தம்பி, ஒரு கல்லு மட்டும் வெள்ளையா பூத்துப் போச்சு. அதான் மனசு கேக்கல." பத்து மடங்கு லென்ஸில் கல்லைச் சாய்த்துப் பார்த்தேன். விரிசலை ஒட்டி நீல ஒளி பளிச்சென்று ஓடியது. உள்ளே காற்றுக் குமிழிகள். ரெண்டும் கண்ணாடி நிரப்பியதன் அடையாளம். நகை செய்யும்போது அமிலத்தில் போட்டிருக்கிறார்கள், கண்ணாடி அரித்துவிட்டது. கடுமையான அமிலம்கூட வேண்டாம், எலுமிச்சைச் சாற்றில் கிடந்தாலே அரிக்கும். "வித்தவருக்கு எல்லாரும் நல்ல மார்க்தானே போட்டிருந்தாங்க" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

அந்த மார்க்கைத்தான் நான் சுத்தமாக நம்புவதில்லை. பார்சல் சீக்கிரம் வந்தது, கல் பளபளக்கிறது என்று ஐந்து நட்சத்திரம் போடுகிறார்கள். அவர்களில் எத்தனை பேர் கல்லைச் சோதித்திருப்பார்கள்? ரெண்டாயிரம் ரூபாய்க் கல்லுக்குச் சோதனைக் கட்டணமே அதைவிட அதிகமாகிவிடலாம் என்பதால் யாரும் போவதில்லை. இந்த வியாபாரம் இத்தனை வருஷமாக ஓடுவதற்குக் காரணமே அதுதான். சந்தேகம் வருவதற்குள் திருப்பி அனுப்பும் கெடுவும் முடிந்துவிடும்.

நிறத்தைக் கூட்டக் கல்லைச் சூடுபடுத்துவதையே மோசடி என்று நான் சொல்லவில்லை. இலங்கையின் பால் நிற கெவுடா கல்லை 1970களில் தாய்லாந்துக்காரர்கள் வாங்கி, சூடேற்றி, அருமையான நீலமாக்கினார்கள். இன்று சந்தையில் உள்ள நீலக் கல்லில் பெரும்பகுதி சூடுபட்டதுதான். சொல்லி விற்றால் அது நேர்மையான வியாபாரம். ஆனால் ஏலப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் "என்ஹான்ஸ்டு" (மேம்படுத்தியது) என்று ஒரே வார்த்தை இருக்கும். வெறும் சூடா, கண்ணாடியா, நிறம் மாற்றப் பெரிலியம் என்ற தனிமத்தைச் சூட்டில் ஏற்றியதா என்று அதில் தெரியாது. பெரிலியம் விஷயம் 2002 வாக்கில் வெளியே வந்தபோது பெரிய ஆய்வகங்களே திணறின. மைக்ரோஸ்கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு என்னாலும் பல சமயம் உறுதியாகச் சொல்ல முடியாது. அப்படியிருக்க, கலர் ஏற்றிய போட்டோவைப் பார்த்து நீங்கள் என்ன முடிவு செய்ய முடியும்?

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், பெயருள்ள ஆய்வகத்தின் அறிக்கை இருக்கிறதா என்று கேளுங்கள். அறிக்கை எண்ணை அந்த ஆய்வகத்தின் தளத்தில் நீங்களே போட்டு, எடையும் அளவும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். சான்றிதழிலேயே "மதிப்பு 5,000 டாலர்" என்று போட்டிருந்தால் உடனே விலகிவிடுங்கள். ஜிஐஏ (அமெரிக்க ரத்தினவியல் நிறுவனம்) போன்ற ஆய்வகம் கல்லின் தன்மையைச் சொல்லும், விலை போடாது. ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? கெடு முடிவதற்குள் சோதித்துவிடுங்கள், அதுவரை ஆசாரியிடம் கொடுக்க வேண்டாம்.

ஏலத் தளங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். கல்லுக்கு என்ன செய்யப்பட்டிருக்கிறது என்பதைத் தலைப்பிலேயே, "ரூபி" என்ற வார்த்தைக்குப் பக்கத்திலேயே எழுத வேண்டும். எழுதாதவரை விற்க விடக்கூடாது.