திருகோணமலை – சென்னை: ஒரு மணி எட்டு நிமிடமாம்!

எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்த கணக்கோ தெரியவில்லை. இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால் போதும், வரைபடத்தில் கோடு கிழித்து, மணிக்கு 800 கிலோமீட்டர் வேகம் என்று வைத்து வகுத்து, ஏறவும் இறங்கவும் அரை மணிநேரத்தைக் கூட்டிச் சொல்லிவிடுகிறார்கள். எங்கள் திருகோணமலையின் விமான நிலையம் இருக்கும் சீனன்குடாவிலிருந்து சென்னைக்கு நேர்கோட்டில் ஏறக்குறைய 507 கிலோமீட்டர், பறக்கும் நேரம் ஒரு மணி எட்டு நிமிடம்! இதைப் பார்த்துவிட்டுச் சென்னையில் இருக்கும் சித்தப்பா, "காலையில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு இங்கே நிற்கலாமே" என்கிறார். எதில் ஏறுவது சித்தப்பா? அந்தக் கோட்டின் மேலா?

சீனன்குடாவில் ஓடுபாதை இல்லாமல் இல்லை. சுமார் 2,400 மீட்டர் நீளத்துக்கு நீட்டி நிமிர்ந்து கிடக்கிறது. வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே இருக்கிறது, இப்போது விமானப்படையிடம். சென்னைக்கு டிக்கெட் வாங்கி ஏறத்தான் அங்கே ஒரு விமானம் இல்லை. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான்காரனின் விமானங்கள் எங்கும் மாறாமல் நேரே இந்த ஊருக்கு வந்தன. அவை வந்தது குண்டு போட.

நாங்கள் போகும் வழியைக் கேளுங்கள். சென்னை இருப்பது வடக்கே. நாங்கள் புறப்படுவது தெற்கே. அம்மாவுக்குப் பஸ்ஸில் கால் வீங்கிவிடும் என்று இரவு ரயில் எடுத்தோம். அந்த ரயில் சீனன்குடா நிலையத்தைத் தாண்டித்தான் போகிறது. அம்மா மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "இங்கேதானே பிளேன் நிற்கிறது, இறங்கிவிடுவோமா?" என்று கேட்டார். நான் என்ன பதில் சொல்வது? கல்லோயா, மாகோ, பொல்காவலை என்று விடிய விடிய ஆட்டம். கொழும்புக் கோட்டையில் இறங்கி, அங்கிருந்து திரும்ப வடக்கே, சர்வதேச விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்காவுக்கு ஓட்டம். மூன்று மணிநேரம் முன்னதாக வரச்சொல்லி உத்தரவு வேறு. அம்மாவின் கால் எப்படியும் வீங்கித்தான் இருந்தது.

உச்சக் கொடுமை அதற்குப் பிறகுதான். விமானம் கிளம்பிக் கால் மணிநேரத்தில் புத்தளத்தைத் தாண்டி, எங்கள் ஊருக்கு நேர் மேற்கே வந்துவிடுகிறது. இரவு முழுக்கத் தெற்கே போன போக்கெல்லாம் அந்தக் கால் மணிநேரத்தில் வீண்!

"யாழ்ப்பாணத்தில் பலாலி விமான நிலையம் இருக்கிறதே" என்று ஒரு கூட்டம் கிளம்பும். 2019இல் திறந்தார்கள், நல்லது, யாழ்ப்பாணத்தாருக்கு வசதி. நாங்கள் ஹொரவப்பொத்தானை, வவுனியா, கிளிநொச்சி என்று அரை நாள் பஸ்ஸில் குலுங்கிப் போய் அதைப் பிடிக்க வேண்டும். அதையும் யாராவது பறக்கும் நேரத்தில் சேர்த்துச் சொல்கிறார்களா?

இனி ஒரு மணி எட்டு நிமிடம் என்று எனக்குச் சொல்ல வருகிறவர், கட்டுநாயக்கா வரைக்கும் வேன் கூலியைக் கையில் எடுத்துக்கொண்டு வரட்டும். போக மட்டுமல்ல, வரவும்.