ஒரே சட்டி, இரண்டு கூலி

சனிக்கிழமை எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குக் கான்கிரீட் போட்டபோது எழுந்த கூலித் தகராறு நம் 'முக்கூடல் நண்பர்கள்' குழுவில் எல்லோருக்கும் தெரியும். காலை முதல் அந்தி வரை ஒரே வரிசையில் நின்று ஒரே சட்டியைக் கைமாற்றியவர்களில் ஆண்களுக்கு 900 ரூபாயும் பெண்களுக்கு 550 ரூபாயும் எண்ணிக் கொடுக்கப்பட்டது. கேள்வி கேட்ட அக்காவிடம், "பொம்பளையாளுக்கு இது போதாதா?" என்று மேஸ்திரி சொன்னதைவிட, சுற்றி நின்ற நாம் ஒருவரும் வாய் திறக்காததுதான் எனக்கு ஆறவில்லை.

ஒரே சட்டியைச் சுமந்தவர்களுக்கு ஒரே கூலிதான் கொடுக்க வேண்டும். அரசமைப்பின் 39ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. 1976இல் சம ஊதியச் சட்டமே வந்துவிட்டது. நூறு நாள் வேலையில் இரு பாலருக்கும் ஒரே கூலி கொடுத்ததால் எந்த ஊரும் அழிந்துவிடவில்லை.

ஆண்கள் சிமெண்ட் மூட்டை தூக்குகிறார்களே என்று சிலர் எழுதியிருந்தீர்கள். தூக்கியவருக்குத் தனியாகக் கொடுங்கள், யார் தடுத்தார்கள்? அன்றைக்கு மூட்டையைத் தொட்டவர்கள் இரண்டு பேர். 900 ரூபாய் வாங்கியவர்கள் ஆறு பேர். கொத்தனாரின் கைத்திறனுக்குக் கூடுதல் கூலி என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால், இருபது வருடமாகச் சாந்து சுமக்கும் பெண்ணின் கையில் கரண்டியைக் கொடுத்துக் கட்டுவேலை பழக்கிய ஒரு மேஸ்திரியை எனக்குக் காட்டுங்கள். அவளுக்குப் பின்னால் வேலைக்கு வந்த பையன் கொத்தனாராகிவிடுகிறான்; அவள் கடைசிவரை சித்தாள்தான்.

என் அம்மா பீடி சுற்றியவர். மடியில் சுளகு, அதில் வெட்டிய இலையும் தூளும். அடுப்பில் சோறு கொதிக்கும்போதும் விரல்கள் நிற்காது. ஆயிரம் பீடியைக் கட்டுக் கட்டிக் கொண்டுபோனால், கடையில் ஒரு கைப்பிடியைக் கழித்துப் போட்டுவிட்டு மிச்சத்துக்கு மட்டும் கணக்கு எழுதுவார்கள். கழித்த பீடியும் திரும்பி வராது. எதிர்த்துக் கேட்டால், "வீட்டுல உக்காந்துதான சுத்துத" என்பார்கள். இரவு பதினொரு மணிக்கும் முதுகு நிமிராமல் இருந்தவரை உட்கார்ந்திருந்தவர் என்று சொன்ன அதே வாய்தான் சனிக்கிழமையும் பேசியது. பெண் செய்தால் அது இலேசான வேலை என்று முடிவுகட்டிவிட்டுத்தான் இவர்கள் கூலியைப் பேசவே தொடங்குகிறார்கள்.

நான் குடும்பத்தைப் பிரிக்கப் பார்க்கிறேன் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். 350 ரூபாய் கூடுதலாக வந்தால் அந்த அக்கா வீட்டில் எது பிரியும் என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

அன்றைக்கு நான்கு பெண்கள் வேலை செய்தார்கள். அவர்களுக்குச் சேரவேண்டிய பாக்கி 1,400 ரூபாய். வீட்டுக்காரரும் இந்தக் குழுவில் இருக்கிறார். அடுத்த தளம் போடுவதற்கு முன் அதைக் கொடுத்துவிடுங்கள், அண்ணாச்சி.