சனிக்கிழமை பாதியில் நிறுத்திய பாட்டு

அண்ணர், சனிக்கிழமைக் கூட்டத்தில் நீங்கள் பாதியில் நிறுத்திய பாட்டைப் பற்றி ஒன்றும் எழுதக்கூடாது என்றுதான் மூன்று நாளாக இருந்தேன். நேற்று இரவு ஒருவர் "பாட்டு நல்லம், அரசியலைக் கழித்துவிட்டுக் கேட்கலாம்" என்று எழுத, அதற்கு நாற்பது லைக் விழுந்ததைப் பார்த்தேன். சரி, இனி எழுதத்தான் வேண்டும்.

கழிப்போம். ஜமெய்க்காவில் பிறந்த லண்டன் கவிஞர் லின்டன் க்வெஸி ஜான்சனின் 'ஃபோர்ஸஸ் ஒவ் விக்டரி' இசைத்தட்டு, 1979, எட்டுப் பாட்டு. அரசியலைக் கழித்தால் மிஞ்சுவது பேஸ் கிட்டார் மட்டும்தான். அந்த பேஸும் குரலுக்கு இடம் விட்டு விட்டுத்தான் போகிறது. டப் கவிதை, அதாவது ரெகே இசையோடு வாசிக்கிற கவிதை, என்றாலே அதுதானே, கவிதை முன்னால் நடக்கும், இசை அதன் நடைக்குக் கால்வைக்கும். எதிலிருந்து எதைக் கழிப்பீர்கள்?

நீங்கள் நிறுத்தியது அந்தத் தட்டில் உள்ள 'சன்னியின் கடிதம்', சன்னி சிறையிலிருந்து அம்மாவுக்கு எழுதுவது. தம்பியைப் பொலிஸ் அடிக்கத் தொடங்குகிற இடத்தில் "நேரமாகுது" என்றீர்கள். முழுப் பாட்டும் நாலு நிமிடம் வரும். அதற்குப் பிறகு வடைக்கும் தேத்தண்ணிக்கும் முக்கால் மணித்தியாலம் இருந்தது, நானும் இரண்டு வடை சாப்பிட்டேன், மறைக்கவில்லை.

நிறுத்தியதால் உங்களுக்குக் கிடைக்காமல் போனதைச் சொல்கிறேன். மௌத் ஓர்கனோடு தொடங்குகிறது. முதலில் லண்டன் பிரிக்ஸ்டன் சிறையின் முகவரி. பிறகு அம்மாவுக்குச் சுகம் விசாரிப்பு, நாங்கள் ஏரோகிராமில் "நான் நலம், உங்கள் நலமறிய ஆவல்" என்று தொடங்குவோமே, அதே மாதிரி. பிறகுதான், சின்னவனைப் பார்த்துக்கொள்வேன் என்று உங்களுக்குச் சொன்னேன், என்னால் ஆனதைச் செய்தேன், ஆனாலும் அவனைப் பிடித்துவிட்டார்கள் என்கிறான். இரண்டு பேரும் பஸ்ஸுக்கு நின்றிருக்கிறார்கள். வான் வந்து நிற்கிறது, மூன்று பொலிஸ்காரர் இறங்குகிறார்கள். தம்பியை அடிக்கிறார்கள், அண்ணன் திருப்பி அடிக்கிறான், ஒரு பொலிஸ்காரன் விழுந்து சாகிறான். கடைசியில் தம்பி மேல் 'சஸ்' வழக்கு, அண்ணன் மேல் கொலை வழக்கு. இவ்வளவையும் ஜான்சன் குரலை உயர்த்தாமல் வாசிக்கிறார். கவலைப்படாதேங்கோ அம்மா, இப்படிக்கு உங்கள் மகன் சன்னி. முடிந்தது.

'சஸ்' என்றால் பிரிட்டனின் 1824 ஆம் ஆண்டு நாடோடிச் சட்டத்தின் நாலாம் பிரிவு. ஒருவன் களவெடுக்கும் எண்ணத்தோடு நின்றான் என்று இரண்டு பொலிஸ்காரர் சாட்சி சொன்னால் போதும், பறிகொடுத்தவர் என்று ஒருவரும் தேவையில்லை. கறுப்புப் பிள்ளைகளை அதில்தான் அள்ளினார்கள். 1981இல்தான் 'சஸ்'ஸை நீக்கினார்கள். பாட்டு வந்தபோது அந்தச் சட்டம் உயிரோடு இருந்தது, அதில் வழக்குகள் நடந்துகொண்டிருந்தன, அப்போது அது "அரசியல்" இல்லை ஐயா, அது அன்றைய செய்தி.

இனி ஒவ்வொருவராக வருவீர்கள், தெரியும். "அது பிழையான ஆங்கிலம்." பிரிட்டனின் ஸ்பெக்டேட்டர் இதழும் 1982இல் ஏறக்குறைய இதையேதான் சொன்னது, ஜமெய்க்காப் பேச்சை ஒலிக்கிறபடியே எழுதும் ஜான்சனின் எழுத்துக்கூட்டல் பள்ளிக்கூடங்களைக் கெடுத்துவிட்டது என்று. 2002இல் பெங்குயின் பதிப்பகம் தன் நவீன செவ்வியல் வரிசையில் அவரைப் போட்டது, உயிரோடிருக்கும்போதே அந்த வரிசையில் இடம்பெற்ற இரண்டாவது கவிஞர். யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழில் கதை எழுதினால் "மண்வாசனை" என்று கைதட்டுகிற நீங்கள், ஜமெய்க்காக்காரன் தன் வாயால் பேசினால் இலக்கணம் பார்க்கிறீர்கள்.

"பிரசாரம்." அதே தட்டில் ஒரு பாட்டு இடதுசாரிக் கட்சிகளையும் வரிசையாக நக்கல் அடிக்கிறது, நீங்கள் வந்து எங்களை விடுவிக்கத் தேவையில்லை என்று. கேட்டிருந்தால் தெரியும். "பொலிஸ்காரன் சாகிறானே, அதை நியாயப்படுத்துகிறாயா?" இது நல்ல கேள்வி, எனக்கும் முழுப் பதில் இல்லை. விடுவோம்.

"எங்களுக்கும் இதற்கும் என்ன?" இதுதான் என்னைச் சுட்டது.

நான் இதை முதலில் கேட்டது பெற்றோல் செட்டில், இரவு வேலையில். கூட வேலை செய்த ஜமெய்க்கா மனிதர் ஒருவர், என் அப்பா வயது, சிகரெட் பெட்டிகளை அடுக்கிக்கொண்டே இந்தக் கடிதத்தை முழுதாகப் பாடமாகச் சொன்னார். எனக்குப் பாதிதான் விளங்கியது. "சின்னவனைப் பார்த்துக்கொள்வேன்" என்ற இடம் விளங்கியது. ஏனென்றால் என் அம்மாவும் கொழும்பில் விமானம் ஏற்றும்போது அதைத்தான் சொன்னவ.

அதற்கு ஒரு வருடத்துக்கு முன், பஸ் தரிப்பில், பொலிஸ்காரர் என் தம்பியின் பையை நடைபாதையில் கொட்டினார்கள். சாப்பாட்டுப் பெட்டி திறந்து புட்டும் சம்பலும் ஈரத்தில் சிதறியது. ஒன்றும் கிடைக்கவில்லை, போய்விட்டார்கள். நான் இரண்டு அடி தள்ளி நின்றேன். வாய் திறக்கவில்லை, விசா யோசனை. தம்பி குனிந்து பெட்டியை மட்டும் எடுத்தான். என்னைப் பார்க்கவில்லை. அந்தக் கிழமை அம்மாவுக்குக் கடிதம் எழுதினேன். நாங்கள் இருவரும் நல்ல சுகம் என்று.

சன்னியாவது உண்மையை எழுதினான்.

அண்ணர், நீங்கள் மூத்தவர், உங்களோடு எனக்குக் கோபம் இல்லை. கொஞ்சம் இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்கு நான் ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு வருகிறேன். வடையைப் பிறகு பார்ப்போம்.